தடை நீங்கிய மாத்திரை

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தின் சாம்பல் வெளிச்சம் சமையலறை மேசைமேல் கிடக்கிறது. மணி மூன்றரை, காபி நேரம். கீமோ ஏற்றிக்கொண்டதிலிருந்து வாயில் எதை வைத்தாலும் இரும்பைச் சப்புவதுபோல் இருப்பதால், மார்கிட் பிளம் கேக்கை பிளாஸ்டிக் கரண்டியால் சும்மா கிளறிக்கொண்டிருக்கிறாள். எதிரே தங்கை கெர்லிண்டே கைப்பையிலிருந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் சத்து மாத்திரைக் குழல்கள் மூன்றை எடுத்து நிறுத்துகிறாள்: செலினியம், துத்தநாகம், மெக்னீசியம். இவற்றுக்காக அவள் டாக்டரோடு போடாத சண்டை இல்லை. ‘கீமோ முடியும்வரை சத்து மாத்திரை வேண்டாம், மருந்தோடு மோதலாம்’ என்று அவர் எழுதித் தந்த சீட்டு ஆறு மாதமாக ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது. இன்று அங்கே காந்தம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “காலையில டாக்டரே சாப்பிடலாம்னுட்டாராமே! நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?” கெர்லிண்டே ஒரு தம்ளர் தண்ணீரில் மாத்திரையொன்றைப் போடுகிறாள். அது சுழன்று, சீறி, மேசைவிரிப்பில் ஆரஞ்சுத் துளிகளைத் தெறிக்கவிடுகிறது. “அவ்வளவு முரண்டு பிடிச்ச மனுஷன் எப்படிக்கா வழிக்கு வந்தாரு?” மார்கிட் துளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். “வழிக்கெல்லாம் வரலடி. கீமோவை நிறுத்திட்டாங்க. இனி ஏத்திப் பிரயோஜனம் இல்லையாம். அப்புறம் உன் மாத்திரை எதோட மோதப் போகுது?” கெர்லிண்டேயின் கட்டைவிரல் குழலின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறது. மார்கிட் இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும் தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு, காலித் தம்ளரைத் தங்கை பக்கம் தள்ளுகிறாள். “இன்னொண்ணு போடு.”