பதினெட்டு மூச்சு

நான்காம் படுக்கைப் பெரியவரை ஆக்சிஜனோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனதும், தலைமை நர்ஸ் புதிய நர்ஸ் பக்கம் திரும்பினாள். முகம் கொதித்தது.

"நிமிஷத்துக்கு முப்பத்தாறு மூச்சு. தோள்பட்டை தூக்கித் தூக்கிப் போடுது. நீ பத்து மணிக்குப் பதினெட்டுன்னு எழுதியிருக்கே. எண்ணினியா?"

"இல்லக்கா."

"அப்புறம் பதினெட்டு எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்து குதிச்சுதா?"

"சார்ட்டுல மேல் கட்டத்துல எட்டு மணிக்கும் அதேதான் இருந்துச்சு. பார்த்து எழுதிட்டேன்."

"மூச்சு வேகமாகறதுதான்டி முதல் எச்சரிக்கை! எண்ண ஒரே ஒரு நிமிஷம். அதுகூட உனக்கு இல்லியா? எட்டு மணிக்கு எழுதின மகராசி யாரு? அவளையும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!"

புதியவள் சார்ட்டை எடுத்தாள்.

"எட்டு மணிக்கு அவரு படுக்கையிலயே இல்லக்கா. ஸ்கேனுக்குப் போயிருந்தாரு."

தலைமை நர்ஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஆளே இல்லாத படுக்கைக்கு மூச்சு எழுதினாளா!" என்று சார்ட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

எட்டு மணிப் பதினெட்டுக்குப் பக்கத்தில், இருபது வருஷமாக மாறாத அதே சுழிப்போடு, அவளுடைய சொந்தக் கையெழுத்தே இருந்தது.