லொறி கேட்டவர்கள்

மஸ்கெலியாவிலிருந்து அட்டன் போகும் பஸ், நோர்வூட்டைத் தாண்டியதும் ஒரு முச்சந்தியில் நின்றுவிட்டது.

மேலேயிருந்து தோட்டத்து மண்பாதை ரோட்டில் வந்து சேரும் இடம் அது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய லொறி அங்கே நின்றிருந்தது. அதற்கு முன்னால், ரோட்டை அடைத்துக்கொண்டு தோட்டத்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. பெண்கள் கம்பளியைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார்களே தவிர, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸுக்குள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

சம்பளம் கூட்டிக் கேட்கிறார்கள் என்றார் ஒரு புகையிலை வியாபாரி. அரிசி சரியில்லையாம் என்றார் இன்னொருவர். கொழுந்து நிறுப்பதில் ஏதோ தகராறு என்று கண்டக்டர் சிங்களத்தில் சொன்னார்.

ஒருவரும் இறங்கிக் கேட்கவில்லை.

சீதாலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. அட்டன் கடைவீதியில் அவள் கணவருக்குத் துணிக்கடை. தீபாவளிக்குச் சேலை எடுக்க வரும் இரண்டு மூன்று முகங்கள் அந்தக் கூட்டத்தில் தெரிந்தன. குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

முன்வரிசையில் ஓர் இளைஞன் இருந்தான். அழகன் என்று பெயர் சொன்னான்.

"என்னாப்பா கேக்குறீங்க? சம்பளமா?"

"இல்லீங்கம்மா. லொறி."

அவளுக்குப் புரியவில்லை. அவன் நிதானமாகச் சொன்னான். அவர்கள் குடியிருக்கும் லயங்கள் மலை உச்சியில் இருக்கின்றன. பஸ் அங்கே ஏறாது. தோட்டத்து லொறி மட்டும்தான் ஏறும். அதுவும் தினமும் டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் அட்டன் ஸ்டேஷனுக்குப் போகிறது. முடியாமல் கிடப்பவர்களை அதில் ஏற்றிப் போய் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

"அதுக்கு என்னா தடை?"

"வாடைங்கம்மா. சீக்காளிய ஏத்துனா அந்த வாடையத் தேயில இழுத்துக்கிருமாம். கொழும்பு ஏலத்துல வெல கொறைஞ்சிருமாம். கம்பெனி ஒத்துக்காதுன்னு தோட்டத்துப் பெரிய தொரை சொல்லிட்டாரு."

பெட்டி ஏற்றாத நேரத்திலாவது அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தார்களாம். வாடை லொறிப் பலகையில் தங்கிவிடும் என்று பதில் வந்ததாம்.

சீதாலெட்சுமி பஸ்ஸுக்குத் திரும்பி, கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள்.

புகையிலை வியாபாரி தன் மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டு, பக்கத்து ஆளை நகரச் சொன்னார். பின் சீட்டில் இருந்தவர்கள் தாங்களாகவே எழுந்து முன்னால் வந்தார்கள். ஒரு நீள சீட்டு முழுக்கக் காலியானது. கண்டக்டர் டிரைவரிடம் ஏதோ பேசிவிட்டு, உடைந்த தமிழில் சீதாலெட்சுமியிடம் சொன்னார்: "சொகமில்லாத ஆள் கொண்டு வரச் சொல்லு, நோனா. நம்ம பஸ்ல ஏத்துவோம். டிக்கட் வேணாம்."

அவள் குடையை மறந்து ஓடினாள். மூச்சு வாங்கியது. ஏதோ ஒரு நல்ல காரியம் தன் கையால் நடக்கப்போகிறது என்று அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"தம்பி, படுத்துக் கெடக்குறவங்க எங்க? சீக்கிரம் கூட்டிக்கிட்டு வாங்க. பஸ்ஸுல எடம் பண்ணியாச்சு."

அழகன் எழுந்து நின்றான். பஸ்ஸைப் பார்த்தான். ஜன்னல்களில் முகங்கள் காத்திருந்தன. அவர்களைப் பார்த்துக் கைகூப்பினான்.

"இப்ப யாரும் இல்லீங்கம்மா."

"அப்புறம்?"

"முந்தாநாளு இருந்துச்சு. என் பொஞ்சாதி வேலாயி. மொதப் பிரசவம். புள்ள குறுக்க நின்னுக்கிருச்சு. கம்பளியில கட்டித்தான் தூக்கிக்கிட்டு வந்தோம். பாதி வழியில இதே லொறி எங்களத் தாண்டிப் போச்சு. கைய நீட்டுனோம், நிக்கல. இந்த முச்சந்திக்கு வந்து எறக்கிப் பார்த்தா, ரெண்டும் இல்ல."

சீதாலெட்சுமி திரும்பி அந்த லொறியைப் பார்த்தாள்.

அவன் அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"பக்கத்து லயத்துல இன்னும் ரெண்டு பொண்ணுங்க முழுகாம இருக்குதுங்கம்மா. அதுங்களுக்குத்தான் கேக்குறோம்."

சொல்லிவிட்டு, ஈர ரோட்டில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டான்.