தீவில் ஒரு விசாரணை

ஆபீஸ் சுற்றுலாவில் படகு கவிழ்ந்து, ஆளில்லாத தீவில் ஒதுங்கியவர்கள்: மேனேஜர், டைப்பிஸ்ட் அக்கா, படகுக்காரர், காசாளர்.

மேனேஜர் தீவிலும் மீட்டிங் போடுவார். பாழடைந்த காவல் அறையின் வாசலில் நின்று அன்று கொதித்தார்.

“தீப்பெட்டி நனைஞ்சிடுச்சு. சிவப்புத் துணி, விசில் ரெண்டும் காணோம். இப்போ கண்ணாடியும் போச்சு! கப்பல் வந்தா எதைக் காட்டிக் கூப்பிடறது? நமக்குள்ளதான் ஒரு திருடன் இருக்கான்!”

“என்னை ஏன் சார் முறைக்கிறீங்க? படகைக் கவுத்தவரைக் கேளுங்க” என்றாள் அக்கா.

“அலைதாம்மா கவுத்துச்சு!” என்றார் படகுக்காரர்.

காசாளர் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். கண்ணாடி அவர் சட்டைக்குள் இருந்தது. மாட்டினால் கப்பல் வராமலே மானம் கப்பலேறிவிடும்.

“எல்லாரும் பையை உதறுங்க!” என்று மேனேஜர் துள்ளினார். அவர் பையிலிருந்தே விசில் விழுந்தது.

“சார், நீங்களா?”

“திரும்பிப் போனா மேலிடத்துல திட்டு வாங்கறது நான்தானேய்யா? இங்கே நிம்மதியாத் தூங்கறேன்.”

அக்கா கொண்டையிலிருந்து சிவப்புத் துணியை உருவினாள். “இங்கே படகுக்காரர் காய், பழம் பறிச்சுத் தர்றார். வீட்டுக்குப் போனா மறுபடி நான்தான் சமைக்கணும்!”

“தீப்பெட்டியை நனைச்சது நான்” என்றார் படகுக்காரர். காசாளர் கண்ணாடியை எடுத்ததும் நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“கவலைப்படாதீங்க! காப்பாத்த வந்துட்டேன்!” கரையிலிருந்து ஒரு காக்கிச்சட்டைக்காரர் ஓடி வந்தார்.

சிரிப்பு நின்றது. மேனேஜர் கை கூப்பினார்.

“வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க. உள்ளே உட்காருங்க.”

அவர் காவல் அறைக்குள் போனதும், காசாளர் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார்.