நாலு மணிக்குள் நூறு வயது

பளபளவென்று மின்னும் வெள்ளி ரூபாயை நாலு மணிக்குள் நூறு வயதுக் கிழடாக்குவது எப்படி? காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டும் சவேரியாருக்கு வழி பிடிபடவில்லை.

பாம்பனில் எந்த விசைப்படகின் எஞ்சினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிவிடுவார். இந்த ஐந்து காசுகள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தின. விக்டோரியா ராணியின் தலை போட்ட ரூபாய்கள். பழங்காசு சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது ராணியை அல்ல, அவள் முகத்தில் படிந்திருக்கும் கறுப்பை. கறுப்பு சீராக இருந்தால்தான் மதிப்பு. மின்னினால் பாதி விலைகூடத் தேறாது.

கடல் தண்ணீரில் ஊறப்போட்டார். இரும்பாக இருந்தால் துருவேறும். வெள்ளியோ குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி மினுங்கியது. தேயிலைச் சாயத்தில் கொதிக்கவைத்தார். பாத்திரம்தான் கறுத்தது. கடைசியில் மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரியேற்றினார். அப்பாடா, கறுத்தது!

மனைவி ஜோதிமேரி எட்டிப் பார்த்தாள்.

“கள்ள நோட்டு அடிக்கிறவன் கணக்கால்ல கதவச் சாத்திக்கிட்டு இருக்கீக!”

“மெதுவாப் பேசு. தேவிபட்டினத்துலருந்து வாவு பாய் கெளம்பிட்டாரு. அவரு கண்ணுல மண்ணத் தூவிட்டாப் போதும்.”

“மாட்டிக்கிட்டா எம் பேர இழுக்காதீக, சொல்லிப்புட்டேன்.”

வாவு முகம்மதுவை ஏமாற்றுவது லேசில்லை. மாவட்டத்திலேயே பழங்காசில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ‘விளக்காத, கை படாத காசுகள்’ என்று கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியவர். போலியைக் கண்டால் நடுத்தெருவில் வைத்து மானத்தை வாங்கிவிடுவார்.

நாலு மணிக்கு வந்தார். பையிலிருந்து குட்டித் தராசை எடுத்தார்.

“பதினொண்ணே முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. எடை சரி.” காசை மேசையில் சுண்டினார். கணீரென்றது. “சத்தமும் சரி.”

சவேரியார் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

வாவு பாய் லென்சைக் கண்ணில் வைத்தார். ராணியின் கன்னத்தைக் கட்டை விரலால் மெல்லத் தடவினார். விரல் கன்னங்கரேலென்று ஆனது.

“ஏன் சவேரியாரு, ராணியம்மா உங்க வீட்டு அடுப்படியிலயா குடியிருந்தாக?”

சவேரியார் பொலபொலவென்று கொட்டிவிட்டார். “மன்னிச்சிருங்க பாய்! இது உங்க காசேதான். ஒரு வாரம் ஆசை தீரப் பாத்துட்டுத் தாரேன்னு வாங்கியாந்தேன்ல? கோயில் திருநாளுக்குக் குத்துவெளக்கத் தேய்க்கையில, ஜோதிமேரி இதையும் பல்பொடி போட்டு வெளக்கிட்டா. பழையபடி கறுப்பாக்கித் தந்துரலாம்னு பாத்தேன்...”

வாவு பாய் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வீட்டுல முட்டை இருக்கா?”

“இருக்கு பாய். ஆம்லெட் போடச் சொல்லவா?”

“அட, அவிக்கச் சொல்லுங்க. சூடோட ரெண்டா வெட்டி, காசுல ஒட்டாம ஒரு டப்பாக்குள்ள வச்சு இறுக்க மூடிருங்க. மஞ்சக்கருவுலருந்து கந்தக ஆவி வரும், வெள்ளி தன்னால கறுத்துரும். போன பெருநாளைக்கு எங்க வீட்டு நூர் நிஷா வெளக்கி வச்சப்ப, இதே அஞ்சு காசுக்கு எனக்கு ரெண்டு முட்டைதான் ஆச்சு.”