கியர்பாக்ஸில் கோளாறு

"நல்லா ஓடுற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ எதுக்குக்கா கழட்டணும்?"

செபஸ்தியன் போனட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்துக் கேட்டார். தம்போய் ஊரில் அவருடைய பட்டறை. எதிரே நின்றது ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய டீசல் பிக்கப்.

"கழட்டிட்டு மேனுவல் போடுங்க, பாஸ்," என்றாள் சந்திரமதி.

செபஸ்தியன் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். "இங்க பாருங்க, சிராப் தண்ணி மாதிரி சிவப்பா இருக்கு. கெட்டுப்போன பாக்ஸ்னா எண்ணெய் கறுத்து, தீஞ்ச வாடை அடிக்கும். இது இன்னும் பத்து வருசம் ஓடும்."

"ஓடட்டும். எனக்கு மேனுவல்தான் வேணும்."

"உங்க வீட்டுக்கார அண்ணனுக்கு இடது கால் இல்லயே. கிளட்ச்ச எப்படி மிதிப்பாரு?"

"மிதிக்க முடியாது. அதான் கேக்கிறேன்."

கவுண்டரில் போன் பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தியனின் மனைவி ஏஞ்சலா நிமிர்ந்தாள்.

"இன்னொன்னு," என்றாள் சந்திரமதி. "அவர் கேட்டா, ஆட்டோ பாக்ஸ் செத்துப்போச்சு, பார்ட்ஸ் கிடைக்கலன்னு சொல்லிடுங்க."

"அக்கா, வேலைய செஞ்சு தரேன். பொய் மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

"சரி, நானே சொல்லிக்கிறேன். நீங்க இல்லன்னு சொல்லாம இருந்தா போதும்."

அவள் பஸ் ஏறப் போனதும் ஏஞ்சலா வெடித்தாள்.

"அலமாக்! பொம்பளையா அவ? இனிப்பு நீர் வியாதியில கனகராஜ் அண்ணனுக்குக் கால் போனப்ப, இனி கூடார வாடகைத் தொழில மூடிடுவாருன்னு உலு திராம் ஊரே பேசிச்சு. இந்த வண்டிய வாங்கி, ஒத்தக் காலோட எத்தன கல்யாண வீடு, எத்தன சாவு வீட்டுக்குப் போயிருப்பாரு! இப்ப அதுலயும் மண்ணப் போடுறா."

"வண்டி அக்கா பேர்ல இருக்குலா. நான் என்ன செய்ய?"

"பேர் இருந்தா? ஃபேக்டரி வேன் ஓட்டினவளாச்சே, அந்தத் திமிரு. தொழில் சூடு பிடிச்சாச்சு, இனி புருசன் எதுக்குன்னு பாக்கிறா. அந்த மனுசன் இனி ஒரு தேத்தண்ணி குடிக்கப் போகணும்னாலும் அவகிட்ட கெஞ்சணும்."

"நமக்கெதுக்கு?"

"நமக்கெதுக்கா? பூசையில முதல் வரிசையில முழங்கால் போடுறீங்கல்ல? அண்ணன் வந்தா உண்மைய சொல்லிடுங்க."

வேலை மூன்று வாரம் இழுத்தது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் இன்ஜினுக்குப் பொருந்துகிற மேனுவல் பாக்ஸ் கிடைத்தது. ஃப்ளைவீலை மாற்றினார். பிரேக்குக்குப் பக்கத்தில் கிளட்ச் மிதியைப் பொருத்தினார். கியர் கம்பிக்காக வண்டியின் தரைத் தகட்டை வெட்டும்போது மட்டும் அவர் கை நின்றது.

"வெட்டுங்க, வெட்டுங்க," என்று கவுண்டரிலிருந்தே சொன்னாள் ஏஞ்சலா. "அவரோட இன்னொரு காலையும் சேத்து வெட்டிடுங்க."

சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். கனகராஜ் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சந்திரமதி வண்டியில் ஏறினாள். முதல் தடவை குலுங்கி நின்றுவிட்டது.

"மெதுவா விடு, சந்திரா! கிளட்ச்ச மெதுவா விடு!" என்று கத்தினார் கனகராஜ்.

இரண்டாம் முறை வண்டி நகர்ந்து சாலைக்குப் போனது.

ஏஞ்சலா தொண்டையைச் செருமினாள். செபஸ்தியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மனசு கேக்கல. ஒன்னு சொல்லிடறேன். அந்த ஆட்டோ பாக்ஸ்ல கோளாறு..."

"எதுவும் இல்ல. தெரியும் தம்பி."

செபஸ்தியன் கை துடைத்த துணியோடு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு வருசமா நான் ஓட்டின வண்டி. அது செத்துச்சா, உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏண்ணே சும்மா இருந்தீங்க?" என்று கேட்டாள் ஏஞ்சலா.

கனகராஜ் சாலையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தணித்தார்.

"மூணு மாசத்துக்கு முன்ன சிக்னல்ல நிக்கிறப்ப ரத்தத்துல சீனி இறங்கி கண்ணு இருட்டிடுச்சு. பிரேக்கிலேருந்து கால் நழுவிடுச்சு. ஆட்டோ வண்டியாச்சே, தானா முன்னால ஊர்ந்து போச்சு. முன்னுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். ஒரு தாய், பின்னால சின்னப் புள்ள. பக்கத்துல உக்காந்திருந்த சந்திராதான் கியரத் தட்டி நிறுத்தினா. ஒரு முழம்தான் பாக்கி."

ஏஞ்சலா கவுண்டரை விட்டு வெளியே வந்தாள்.

"இனி இவர் ஓட்டவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில டாக்டர் இவகிட்ட சொன்னாரு. நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டாங்க. அன்னையிலேருந்து எங்கிட்ட சொல்ல வருவா, வாயத் திறப்பா, சாப்பாடு போடவான்னு கேட்டுட்டுப் போயிடுவா. கடைசியில பழிய கியர்பாக்ஸ் மேல போட்டுட்டா."

வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிடலாமே அண்ணே," என்றார் செபஸ்தியன். "அக்காவுக்கும் பாரம் குறையும்."

கனகராஜ் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கால எடுக்கணும்னு ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொன்னது அவதான் தம்பி. அப்ப அவ மூஞ்சிய நான் பாத்திருக்கேன். இன்னொரு தடவ அவ வாயால அப்படி ஒன்னு சொல்ல வேணாம். பாக்ஸ் செத்துப்போச்சுன்னே இருக்கட்டும்."