மொட்டை வண்டி

மனைவி வடிவின் ஹேர் டிரையரைச் சகலையின் காருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ரத்தினவேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒயர் தொங்கியது.

சகலை விஜயன், வடிவின் தங்கை புருஷன், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சூடு காட்டிய இடத்தில் நாலு பொன்னிற எழுத்துகள். அந்தக் கம்பெனியின் டாப் மாடலுக்கு மட்டும் உள்ளவை.

பத்து மாதமாக அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ரத்தினவேலுக்கு வயிற்றெரிச்சல்தான். மலை மந்திர் கோயிலில் முருகனுக்கு முன்னால் கண்ணை மூடினால்கூட அந்த நாலு எழுத்துகள்தான் வந்து நின்றன.

அருகிலேயே அவருடைய வண்டியும் நின்றது. அதே கம்பெனி, அதே வெள்ளை. பின்பக்கம் மட்டும் மொட்டை.

வாங்கிய இரண்டாவது வாரமே எழுத்துகளைத் தடம் தெரியாமல் எடுத்துவிட்டார். யாராவது கேட்டால், வண்டி என்றால் மொட்டையாக இருந்தால்தான் லட்சணம் என்பார்.

உண்மை வேறு. அது இருப்பதிலேயே கீழ் மாடல். உள்ளே உள்ள பெரிய திரையும் தோல் சீட்டும் பிறகு கரோல் பாக் கடையில் போட்டவை. வடிவையும் அவரையும் தவிர டெல்லியில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

இன்று காலை இந்த விஜயன் வந்து நிற்கிறார்.

"அண்ணாச்சி, உங்க வண்டி மாதிரியே இதையும் மொட்டையாக்கிக் குடுங்க. ஒரு கீறல் விழக்கூடாது பாத்துக்கிடுங்க. அதுக்கு உங்க கைதான் லாயக்கு."

கை லாயக்குதான். ஆபீஸில் தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் பத்தொன்பது வருஷம். ஒட்டிய உறையைக் கிழியாமல் பிரிக்க வேண்டுமென்றால் மற்ற செக்‌ஷன்காரர்களும் அவரிடம்தான் வருவார்கள்.

ஆனால் மனசு கேட்கவில்லை.

டாப் மாடலும் இவனுக்கு வேண்டும். கீழ் மாடல்காரன் மானத்தை மறைக்கக் கட்டிய கோவணமும் இவனுக்கு ஃபேஷனாக வேண்டுமா?

முதலில் ஈரத் துணியால் தூசியைத் துடைத்தாயிற்று. பிறகு சூடு. உள்ளங்கையை வைத்தால் பொறுக்க வேண்டும். பொறுக்காத சூடு பெயின்டுக்கு ஆகாது. அடுத்தது நைலான் நரம்பை எழுத்துக்கு அடியில் கொடுத்து, ரம்பம் போல மெல்ல இழுத்து அறுக்க வேண்டும். மிச்சப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டு விரலால் உருட்டி எடுக்க வேண்டும். பிளேடு கூடவே கூடாது.

எல்லாம் தெரியும். நரம்பும் சட்டைப்பையில் இருந்தது.

அவர் அதை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்துக்குப் பறந்த பட்டங்களில் ஒன்று அறுந்து, வேப்பமரக் கிளையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் மாஞ்சா நூல் தலைக்கு மேலேயே தொங்கியது. கண்ணாடித் தூள் பூசிய நூல்.

ரத்தினவேல் எழுந்து எட்டி ஒரு முழம் அறுத்துக்கொண்டார்.

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"இதுதான் தம்பி கெட்டி."

ஒரே ஒரு இழுப்பு போதும். பெயின்டில் கோடு விழும். கம்பெனி பசை மோசம் என்று சொல்லிவிடலாம். சாகும்வரை இந்த வண்டியின் முதுகில் அவர் போட்ட கோடு இருக்கும்.

மறுபடி உட்கார்ந்து நூலை இரண்டு விரலில் சுற்றினார். முதல் எழுத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

நூல் படவே இல்லை. எழுத்து தானாக நழுவி அவர் மடியில் விழுந்தது.

ரத்தினவேல் அதைப் பார்த்தார். கம்பெனி எழுத்து இப்படி விழாது. தன் வண்டியில் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் போராடியவர் அவர்.

திருப்பினார். கம்பெனி பசை கருப்பு. இது வெள்ளைப் பஞ்சு டேப். ஓரத்தில் உரிக்காமல் விட்ட சிவப்புத் தாள் துணுக்கு வேறு. அவசரத்தில் யாரோ கையால் ஒட்டியது.

நிமிர்ந்தார். விஜயனின் முகம் செத்துப் போயிருந்தது.

விஜயன் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அண்ணாச்சி, வீட்ல சொல்லிராதீங்க. எங்க வீட்டுக்காரிக்கே தெரியாது. இது இருக்கதுலயே கீழ் மாடல். எழுத்து காஷ்மீரி கேட் கடையில வாங்கி ஒட்டுனது. சர்வீஸுக்கு விட்டா அந்த மெக்கானிக் பையா இதப் பாத்து ஈன்னு இளிக்கான், மானம் போகுது."

"ஏன் தம்பி ஒட்டுனீங்க?"

"உங்களாலதான்."

ரத்தினவேல் டிரையரை அணைத்தார்.

"டாப் மாடல் வச்சிருக்கவந்தான் எழுத்த எடுப்பானாம், அவனுக்குக் காட்டிக்கிட வேண்டிய அவசியமில்லையாம். எங்க ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. உங்க வண்டியப் பாத்தேன். பெரிய திரை, தோல் சீட்டு, மொட்டை. அன்னைக்குப் பிடிச்ச வயித்தெரிச்சல் அண்ணாச்சி, இன்னும் அடங்கல."

மாடியிலிருந்து வடிவு எட்டிப் பார்த்தாள். "என்னங்க, முடிஞ்சுதா? தோசை ஆறுது."

ஒரு வார்த்தை போதும். என்னுடையதும் அதேதான் தம்பி என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மாடியேறலாம்.

ரத்தினவேல் மாஞ்சாவைச் சுருட்டி எறிந்தார். சட்டைப்பையிலிருந்து நைலான் நரம்பை எடுத்து, இரண்டாவது எழுத்துக்கு அடியில் மிகுந்த பிரியத்தோடு நுழைத்தார்.

"விடுங்க தம்பி," என்றார். "டாப் மாடல்ல தொல்லையும் ஜாஸ்திதான்."

விஜயன் பெருமூச்சு விட்டார்.

பத்து மாதமாக ரத்தினவேல் விட்டுக்கொண்டிருந்த மூச்சு அது. இன்னொருவர் விட்டு அதைக் கேட்பது எத்தனை சுகம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.