ஸ்பெஷல் கிளாஸ்

"இனிமே அந்த ஃபிசிக்ஸ் வாத்தியாருக்கு நம்ம கடையில ஒரு பன்னு கூடக் கிடையாது!"

பேக்கரிக்காரர் போட்ட சத்தத்தில், கேக்குக்கு க்ரீம் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை ஆடிவிட்டது. ரோஜாப்பூ காலிஃப்ளவர் ஆனது.

"மெதுவாப் பேசுங்க. அவர் உங்களை என்ன பண்ணினார்?"

"என்ன பண்ணலைன்னு கேளு! இங்கேயே நின்னு என்ன சொன்னார்? 'உங்க பொண்ணைத் தனியார் பள்ளிக்கு மாத்தாதீங்க. பதினொண்ணு, பன்னிரண்டு ரெண்டும் எங்க அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும். நல்ல காலேஜ்ல இடம் வாங்கிக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு'ன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னார்."

"இன்னைக்கு அந்தத் தனியார் பள்ளியைச் சுத்திப் பார்க்கப் போனேன். அங்க நுழைவுத் தேர்வுக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடக்குது. நடத்தறது யாரு? சாட்சாத் இவரேதான்! என்னைப் பார்த்ததும் டக்குனு போர்டு பக்கம் திரும்பிக்கிட்டார்."

பத்தாவது முடித்திருந்த மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, அவர் நடத்தினா நல்லாப் புரியும்பா. எனக்கு எங்க ஸ்கூலே போதும்."

"அட அசடு! காசு வர்ற இடத்துல உயிரைக் கொடுத்து நடத்துவார். உங்க ஸ்கூலுக்கு வந்து கொட்டாவி விடுவார். அதுக்கு அங்கேயே சேர்ந்துடலாமே!"

"அவர் கொட்டாவியே விடமாட்டார்பா..."

"நீ சும்மா இரு."

மறுநாளிலிருந்து ரொட்டி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் செய்தி இலவசம். "சங்கதி தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் வாத்தியாரின் மானம் பாதி போயிருக்கும். மீதியைக் கேட்டவர்கள் கண், காது, மூக்கு வைத்து அடுத்த தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாரக் கடைசியில் வாத்தியாரே கடைக்கு வந்தார். நல்ல கூட்டம்.

"என்ன சார், அந்தப் பள்ளியில சம்பளமெல்லாம் ஒழுங்காத் தர்றாங்களா?"

வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். "கொஞ்சம் வெளிய வாங்களேன், தனியாப் பேசலாம்."

"எதுக்குத் தனியா? எல்லாரும் கேட்கட்டும். அரசாங்க வேலையில இருந்துக்கிட்டு இன்னொரு இடத்துல சம்பாதிக்கலாமா? மேலிடத்துல ஒரு வார்த்தை போட்டு வைக்கட்டுமா?"

"தயவுசெஞ்சு இதைப் பெரிசு பண்ணாதீங்க."

அவ்வளவுதான். எதற்கு வந்தோம் என்று கூடச் சொல்லாமல் வாத்தியார் படியிறங்கிப் போய்விட்டார்.

"பார்த்தீங்களா, பேச்சு வருதான்னு!" பேக்கரிக்காரருக்குப் பந்தயத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது.

அதே ஜோரில், மகளுக்கு இடம் உறுதி செய்ய அன்று மதியமே தனியார் பள்ளிக்குப் போனார். விடுமுறை நாள், வகுப்பறைகள் பூட்டியிருந்தன. ஆனால் லேபிலிருந்து மட்டும் கலகலவென்று பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தார். தையல்காரர் பையன், பால்காரர் பொண்ணு, பக்கத்துத் தெரு இரட்டையர்கள் என்று எல்லாம் தெரிந்த முகங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள்! நடுவில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்த வாத்தியார்.

பிரின்சிபல் மேடம் ஓடி வந்து அவரை அறைக்குள் இழுத்துப் போனார்.

"சார், நீங்க எதையும் பார்க்கலை. சரியா?"

"இவங்க எப்படி இங்க?"

"அவங்க ஸ்கூல் லேப்ல சாமான் பத்தாது. 'உங்க பிள்ளைகளுக்கு நான் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறேன். லீவு நாள்ல உங்க லேபை என் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்க'ன்னு கேட்டார். எங்களுக்கும் அவரை மாதிரி ஒருத்தர் கிடைக்கணுமே!"

"அப்போ சம்பளம்?"

"ஒரு பைசா வாங்கமாட்டார்."

"இதை அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன். ஃபீஸ் கட்டற பெத்தவங்க காதுக்குப் போனா, மறுநாளே நிர்வாகம் லேபுக்குப் பூட்டுப் போட்டுடும். இதுல யாரோ ஒரு ஆள் அவர் இங்க வர்றதை ஊர் பூராத் தமுக்கு அடிக்கறாராம். விசாரணைன்னு ஒண்ணு வந்தா அவர் வேலைக்கும் ஆபத்து, இந்தப் பிள்ளைங்க படிப்புக்கும் ஆபத்து. யார் அந்த ஆள்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"வி... விசாரிக்கறேன் மேடம்."

"சரி, உங்க பொண்ணு அட்மிஷன்?"

"வேண்டாம் மேடம். அவ அங்கேயே படிக்கட்டும்."

திங்கட்கிழமை காலை கடையில் வழக்கம்போல் கூட்டம். ரிடையரான போஸ்ட்மாஸ்டர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வம்புக்கு இழுத்தார்.

"என்னப்பா, பொண்ணை அரசுப் பள்ளியிலேயே விட்டுட்டியாமே? அந்த வாத்தியார்தான் திருட்டுத்தனமா..."

"ஐயையோ, அது அவரே இல்லைங்க!"

"அன்னைக்கு நீ கேட்டப்போ அவர் மறுக்கலையே?"

"நான் எங்க அவரைப் பேச விட்டேன்?"

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பேக்கரிக்காரர் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பு என் மேலதாங்க. கண் டாக்டர்கிட்ட போனேன், திட்டித் தீர்த்துட்டார். நேருக்கு நேரா நிக்கற மனுஷனே எனக்குச் சரியாத் தெரியறதில்லையாம்!"